வைரஸ் எச்சரிக்கையில் ஃபோன் நம்பர் இருந்தால் அது திருடன் வைத்த நம்பர்

பரீட்சை ரிசல்ட்டோ ஓசிப் படமோ தேடிக்கொண்டிருக்கும்போது திரை முழுக்க நீலமும் சிவப்புமாக ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். உங்கள் கணினியில் ட்ரோஜன் புகுந்துவிட்டது, வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன, கணினியை அணைக்காமல் உடனே இந்த இலவச எண்ணுக்கு அழையுங்கள் என்று இருக்கும். அதையே ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும். மூட எக்ஸ் பட்டனும் தெரியாது. பயந்துபோய் அந்த எண்ணுக்கு அழைத்துத்தான் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள், குறிப்பாக ஓய்வு பெற்று வீட்டிலிருப்பவர்கள்.

அது வைரஸே இல்லை, வெறும் வெப் பேஜ். பிரவுசரை முழுத்திரைக்கு மாற்றி, எக்ஸ் பட்டனை மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எஸ்கேப் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பக்கம்தான் திரும்ப வரும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் ஃபோன் நம்பர் இருக்காது.

அழைத்துவிட்டால் என்ன நடக்கிறது? எதிர்முனையில் பேசுபவர் மரியாதையாகத்தான் பேசுவார். தூரத்திலிருந்தே உங்கள் கணினியைப் பார்த்து இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் இவற்றில் ஒன்றை இறக்கி, திரையில் தெரியும் எண்ணைச் சொல்லச் சொல்வார். சிலர் விண்டோஸிலேயே இருக்கும் குயிக் அசிஸ்ட்டைத் திறக்க வைப்பார்கள். 'ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டியிருக்கிறோமே, அது ஏன் தடுக்கவில்லை?' என்று பிறகு கேட்பவர்கள் அதிகம். இவையெல்லாம் அலுவலகங்களில் தினமும் ஓடும் நேர்மையான மென்பொருள்கள். அனுமதி கொடுத்ததும் நீங்கள்தான். ஆன்டிவைரஸ் பெரும்பாலும் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொள்ளாது.

உள்ளே வந்ததும் 'ஆதாரம்' காட்டுவார்கள். முதலில் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவர். சிவப்பிலும் மஞ்சளிலும் நூற்றுக்கணக்கான எரர்கள் தெரியும். நேற்று வாங்கிய லேப்டாப்பிலும் அப்படித்தான் இருக்கும். ஏதோ ஒரு சர்வீஸ் தாமதமாகத் தொடங்கியதெல்லாம் அங்கே பதிவாகும். அடுத்து கருப்புத் திரையில், கணினியின் இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கமாண்ட். அதில் வரிசையாக வரும் வெளி முகவரிகளைக் காட்டி, இவர்கள்தான் ஹேக்கர்கள் என்பார்கள். நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஜிமெயிலும் யூடியூபும்தான் அவை. ட்ரீ என்ற கமாண்ட் ஃபோல்டர் பெயர்களை மளமளவென்று ஓடவிடும். அதை ஸ்கேன் என்று சொல்லிவிட்டு, முடிவில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று அவர்களே டைப் செய்துவைப்பார்கள்.

இருப்பதிலேயே துணிச்சலான வித்தை இன்னொன்று. 888 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணை முதலில் வாய்மொழியாகச் சொல்வார்கள். இது உங்கள் கணினியின் தனி லைசென்ஸ் எண், எங்கள் சர்வரில் இருக்கிறது, சரிபாருங்கள் என்று அசாக் என்ற கமாண்டைக் கொடுக்கச் சொல்வார்கள். கடைசி வரிகளில் அதே எண் நிற்கும். நிற்காமல் எப்படி? அது உலகிலுள்ள எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கும் ஒரே எண்.

பிறகு பணம். சர்வீஸ் சார்ஜ் என்று சில ஆயிரம் கேட்பது சின்னத் திருட்டு. பெரிய திருட்டு 'ரீஃபண்ட்'. உங்களுக்குப் பணம் திருப்பித் தருகிறோம், நெட் பேங்கிங்கைத் திறங்கள் என்பார்கள். திரையைச் சிறிது நேரம் கருப்பாக்கிவிட்டு, வங்கிப் பக்கத்தில் தெரியும் எண்களை மாற்றுவார்கள். எஃப்12 அழுத்தினால் எந்தப் பக்கத்தின் எழுத்தையும் உங்கள் திரையில் மட்டும் மாற்ற முடியும், வங்கியில் ஒரு ரூபாய்கூட அசையாது. ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் போட்டுவிட்டேன், என் வேலை போய்விடும் என்று அழுவார்கள். மீதியைத் 'திருப்பி' அனுப்பினால் போவது உங்கள் சொந்தப் பணம். மொபைலிலும் அதே ஆப்பைப் போடச் சொன்னால், ஓடிபியைப் படிக்கத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைச் செய்யும் கால் சென்டர்களில் பல இந்தியாவிலேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட், அமேசான் புகார்களையும் சேர்த்து 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. தொழில் நின்றபாடில்லை.

பாப்-அப் மட்டும்தான் வழி என்றில்லை. பிரிண்டர் கஸ்டமர் கேர் என்று தேடினால் மேலே வரும் விளம்பரத்திலும் இவர்கள் நம்பர் இருக்கலாம். பில்லிலோ பெட்டியிலோ அச்சிட்ட நம்பரையே நம்புங்கள். திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதி' என்று அடிக்கடி எட்டிப் பார்த்தால், எப்போதோ ஒரு தளத்தின் நோட்டிஃபிகேஷனுக்கு அலோ கொடுத்திருக்கிறீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் தெரியாத தளங்களை நீக்கினால் அத்தோடு நின்றுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது போலி 'நான் ரோபோ இல்லை' சோதனை. விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் அழுத்து, கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று ஒரு பக்கம் சொன்னால் உடனே மூடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓடவிடுகிறார்கள். லுமா போன்ற திருட்டு மென்பொருள்கள் இப்படி நுழைந்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். நீங்கள் லாகின் செய்ததை ஒரு தளம் நினைவில் வைக்கும் சிறு பதிவுதான் குக்கீ. அது கையில் இருந்தால் ஓடிபி இல்லாமலே உங்கள் மெயிலுக்குள் நுழையலாம்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் வைஃபையை அணையுங்கள், அல்லது லேன் வயரைப் பிடுங்குங்கள். அழைப்பைத் துண்டித்தால் மட்டும் போதாது, இணைப்பு தொடர்ந்து ஓடும். அடுத்து, அவர்கள் தொடாத வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கவே இந்த அவசரம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நீங்களே பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லும் வரையிலான நஷ்டம் உங்களுடையது, சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட், அழைத்த நம்பர் எதையும் அழிக்காதீர்கள், புகாருக்கு வேண்டும்.

பிறகு இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, அன்று வந்தவற்றை நீக்குங்கள். எனிடெஸ்க்கை நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஸ்கிரீன்கனெக்ட் போன்ற இன்னொரு ரிமோட் மென்பொருள் பின்னணியில் உட்கார்ந்திருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவற்றைக் குறிக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதியையும் பாருங்கள். அங்கே சி டிரைவே எழுதப்பட்டிருந்தால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதில் எதையும் பார்க்காது. அதை நீக்கி, ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும், கால் மணி நேரம் பிடிக்கும்.

பாஸ்வேர்டு மாற்றுவது வேறொரு கருவியிலிருந்து, மெயிலில் ஆரம்பித்து. மாற்றியதும் எல்லா இடங்களிலிருந்தும் சைன் அவுட் கொடுத்தால்தான் திருடிய குக்கீ செத்துப்போகும். போலி ரோபோ சோதனையில் என்டர் தட்டிய கேஸ் என்றால் ஸ்கேனை நம்பி உட்கார வேண்டாம். வேறொரு கணினியில், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கி, டிஸ்கை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுங்கள், செட்டப் ஃபைல்கள் வேண்டாம்.