தோட்டத்து நத்தையா, வயல் நத்தையா: எதைப் பொறுக்கிச் சமைப்பது?

மழை விட்ட மறுநாள் காலை எங்கள் வீட்டு முருங்கையில் மட்டும் எண்ணினால் 30 நத்தை தேறும். உள்ளங்கை நிறையும் அளவு, கூம்பு மாதிரி ஓடு, அதில் பழுப்புப் பட்டை. நட்டு பத்து நாளான பப்பாளிக் கன்றை ராத்திரியோடு ராத்திரியாக வெறும் குச்சியாக்கிவிட்டுப் போயிருந்தன. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி கேட்டான்: "ஏங்க்கா, ரோட்டோரத்துல வயல் நத்தையைக் காசு கொடுத்து வாங்குறோம், இங்க சும்மா கிடக்கு, இதையே வறுத்தா என்ன?"

கேள்வி நியாயம்தான். ஆனால் இரண்டும் ஒரே ஆள் இல்லை.

தோட்டத்தில் ஊர்வது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது, அங்கிருந்து பரவியதுதான் இன்று நம் கொல்லை வரை நிற்கிறது. ஒரே ஈட்டில் 200 முட்டை வரை இடும். வயல் நத்தை தண்ணீர்ப் பிராணி, உருண்டை ஓடு, வாயில் கெட்டியான ஒரு மூடி. தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். ஆப்பிரிக்க நத்தைக்கு அந்தக் கதவு கிடையாது. அடையாளத்துக்கு இது ஒன்றே போதும்.

கறி எதில் அதிகம் என்றால் சந்தேகமே இல்லாமல் தோட்டத்து நத்தையில்தான். நைஜீரியா, கானாவில் நத்தை என்றால் விருந்துச் சாப்பாடு. ஆனால் அங்கே பெரிதும் விரும்பிச் சாப்பிடுவது இதன் உறவுக்கார இனங்களை. அவர்கள் வழியில் எலுமிச்சைச் சாறு, படிகாரம், உப்பு என்று போட்டு நானும் ஒரு தடவை கழுவிப் பார்த்தேன். ஏழாவது தண்ணீரிலும் கோழை நூல் நூலாக வந்தது. வெந்த பிறகு ரப்பர் மாதிரி ஒரு கடி, மிளகு போட்டதால் தப்பித்தது. வயல் நத்தையை இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்து, கொதிக்கவிட்டு, கருவேல முள்ளால் குத்தி இழுத்தால் சுருளோடு வெளியே வரும். கறுத்த குடலைக் கிள்ளி எறிந்துவிட்டு மஞ்சளும் கல் உப்பும் போட்டு நாலு அலசல். அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய். மூலத்துக்கு நல்லது என்று எங்கள் பக்கம் பாதிப் பேர் இதை மருந்தாகவே வாங்குகிறார்கள், நான் ருசிக்காகத்தான் சாப்பிடுகிறேன்.

சரி, பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையில் வரும், நத்தை அதைத் தின்னும், அரைவேக்காட்டு நத்தையை நாம் தின்றால் அந்தப் புழு மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வரை போய் வீக்கம் உண்டாக்கும். சாக்கடையிலும் குப்பைமேட்டிலும் எலியோடு புழங்கும் ஆப்பிரிக்க நத்தை இந்தப் புழுவுக்குப் பேர்போன வீடு. பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி ஒரு வாரம் பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பட்டினியில் குடல்தான் காலியாகும், சதைக்குள் இருக்கும் புழு எங்கேயும் போகாது. அதைக் கொல்வது கொதிதான்.

வயல் நத்தையும் இதில் உத்தமர் இல்லை. தாய்லாந்தில் இதே குடும்பத்து நத்தையைப் பச்சையாகக் கொத்திச் சாப்பிட்டு இந்த நோய் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆக, எதுவானாலும் தளதளவென்று பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும், வெறும் கையால் தொட்டால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

ஆனால் கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்று இருக்கிறது, மருந்து. வயல் நத்தை என்றால் அந்த வயல்காரரிடம் எப்போது, என்ன அடித்தீர்கள் என்று கேட்டுவிடலாம். தோட்டத்து நத்தைக்கு யாரிடம் கேட்பது? நேற்று பக்கத்து வீட்டுக்காரர் போட்ட நத்தை மருந்தைப் பாதி தின்றுவிட்டு மதில் ஏறி நம் பக்கம் வந்திருக்கும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதனால் கறிக்கு ஐப்பசியில் மாமா வயல் வாய்க்காலில் பொறுக்கியது மட்டும். தோட்டத்தில் சாயங்காலம் ஈரச் சாக்கு விரித்து அடியில் முட்டைக்கோஸ் இலை போட்டு வைக்கிறோம், விடிந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு அள்ளி, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, குழிக்குள் புதைத்துவிடுகிறான் தம்பி. ஒவ்வொரு வாளிக்கும் "எவ்வளவு கறி வீணாப் போகுது" என்று ஒரு பெருமூச்சு.