கருப்பு வெள்ளை பிரிண்டுக்கு "கஸ்டம் புரொஃபைல்": ரூ.3,400 போச்சு, நீங்களாவது தப்பிச்சுக்கோங்க

நேத்து ராத்திரிதான் உறுதியாச்சு, ஏமாந்தாச்சுன்னு. சூடு ஆறும் முன்னாடி எழுதிடறேன், சரிசெய்யற வழியையும் கடைசியில சொல்றேன்.

ஆன்லைன்ல இங்க் விக்கிற ஒரு கடை. பேர் வேண்டாம். டேங்க் பிரிண்டருக்கு நாலு பாட்டில் இங்க், கூடவே நம்ம பேப்பருக்குன்னே செஞ்ச ஐசிசி புரொஃபைல் (இந்த இங்க் இந்தப் பேப்பர்ல எப்படி விழும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஃபைல்), மொத்தம் ரூ.3,400. "கருப்பு வெள்ளையில ஒரு பொட்டு கலர் சாயம் வராது சார்"னு உத்தரவாதம்.

நம்பினதுக்குக் காரணம், கடைக்காரர் சரியான கேள்வி கேட்டார். என்ன பேப்பர், எத்தனை ஜிஎஸ்எம் (பேப்பரோட கனம்), கிளாசியா மேட்டா? புரொஃபைல் செய்ய அளக்கற கலர் கட்டச் சார்ட்டை, கலர் மேனேஜ்மென்ட் (கம்ப்யூட்டர் தானா கலரைத் திருத்தறது) ஆஃப்ல பிரிண்ட் எடுத்து, ஒரு நாள் காயவெச்சு கூரியர்ல அனுப்பச் சொன்னார். வேலை தெரிஞ்சவங்க இப்படித்தான் கேப்பாங்க. யுபிஐல பணம் போயிடுச்சு.

பாட்டில் ஊத்தின அன்னைக்கே சார்ட் எடுக்கச் சொன்னாங்க பாருங்க, அங்கதான் சூட்சுமம். டேங்க்ல இருந்து ஹெட் (இங்க் தெளிக்கிற பாகம்) வரைக்கும் போற டியூப் முழுக்க அப்போ பழைய இங்க்தான். முதல் அஞ்சாறு பிரிண்ட் அந்த இங்க்ல, அருமையா வரும். "அஞ்சு ஸ்டார் போடுங்க சார்"னு மெசேஜும் சரியா அப்பதான் வரும். அங்க இருக்கிற ரிவ்யூ பாதி இந்த நேரத்துல போட்டதாத்தான் இருக்கும்.

புது இங்க் ஹெட்டுக்கு வந்ததும் வேஷம் கலைஞ்சது. பழைய கல்யாணப் போட்டோ ஒண்ணு: மாப்பிள்ளை வேட்டி இளம் ரோஸ், தலைமுடி பாசி படிஞ்ச பச்சை. பல டேங்க் மாடல்ல கருப்பு மட்டும் பிக்மென்ட் இங்க் (கரையாத நிறத்துகள் கலந்தது). கிளாசி பேப்பர்னு செட் பண்ணினா பிரிண்டர் அதைத் தொடறதே இல்ல, சயான், மெஜந்தா, மஞ்சள் மூணையும் கலந்துதான் சாம்பலைக் கொண்டுவருது. டிரைவர்ல இருக்கிற கணக்கோ கம்பெனி இங்க்குக்குப் போட்டது. வேற இங்க்ல மெஜந்தா அடர்த்தி கொஞ்சம் மாறினாலும் வெளிச்சப் பகுதி ஒரு பக்கம், இருட்டுப் பகுதி ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் மெஜந்தா ஸ்லைடரைக் குறைச்சா வேட்டி வெளுக்கும், முடி இன்னும் பச்சையாகும்.

இதைச் சரிபண்ணத்தானே புரொஃபைல்? அந்த ஃபைலை மேக்ல கலர்சிங்க் யுடிலிட்டியில திறந்தா, உள்ளே இருக்கிறது வேற பிரிண்டர் மாடல் பேர். உருவாக்கின தேதி, சார்ட் கூரியர்ல போறதுக்கு எட்டு மாசம் முன்னாடி! ரூ.3,400க்கு எவனுக்கோ செஞ்ச ஃபைல், பேர் மட்டும் மாத்தி.

கேட்டா முதல்ல "மானிட்டர் கேலிபரேட் பண்ணலையா சார்?" பிரிண்ட் பச்சையா இருக்கறதுக்கும் மானிட்டருக்கும் என்ன சம்பந்தம், கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் படிப்படியா இருக்கிற சாம்பல் சார்ட்டே பச்சையா வரும்போது? அப்புறம் "மூணு தடவை ஹெட் கிளீனிங் போடுங்க." நாசில் செக்ல (ஹெட் அடைச்சிருக்கான்னு பாக்கற டெஸ்ட் பிரிண்ட்) ஒரு கோடு விடாம இருக்கு. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இங்க் வேஸ்ட் பேடுக்கு (கழிவு இங்க்கை உறிஞ்சற பஞ்சு) வீணாப் போகும், அவருக்கு அடுத்த பாட்டில் விக்கும். அப்புறம் அவங்க "சாம்பிள் பிரிண்ட்" ஒண்ணை மொபைல்ல படம் எடுத்து அனுப்பினாங்க, சாயமே இல்லாம. போன் கேமராவோட ஆட்டோ வைட் பேலன்ஸ் (கேமரா தானா நிறத்தைச் சமன் பண்றது) சாயத்தை மறைச்சுடலாம், அது என்ன அத்தாட்சி? கடைசியா "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது." ஃபைல் டிஜிட்டல், சரி. பாட்டிலுமா? இன்னைக்கு காலையிலிருந்து சிங்கிள் டிக்.

வழி சொல்றேன்னேன், விரல் நடுங்குது, சுருக்கமா:

இங்க் மாத்தினா டியூப்ல பழசு தீர்ற வரைக்கும் சார்ட் எடுக்காதீங்க. புரொஃபைல் வந்ததும் உள்ளே தேதி, மாடல் பாருங்க. போட்டோஷாப் கலரை மேனேஜ் பண்ணினா டிரைவர்ல கலர் கரெக்ஷனை ஆஃப் பண்ணுங்க, ரெண்டும் ஓடினா மெஜந்தா அடிக்கும். ஈரத்துல தீர்ப்பு சொல்லாதீங்க, மறுநாள் ஜன்னல் வெளிச்சத்துலயும் ட்யூப் லைட்லயும் பாருங்க. அவசரமா வேணும்னா மேட் பேப்பர் வெச்சு, டிரைவர்ல மட்டும் பிளெயின் பேப்பர், கிரேஸ்கேல், ஹை குவாலிட்டின்னு செட் பண்ணுங்க. பெரும்பாலும் கருப்பு மட்டும்தான் ஓடும். கொஞ்சம் பொரி பொரியா இருக்கும், ஆனா வேட்டி வெள்ளையா இருக்கும்.

ரூ.3,400. கூரியர் காசு தனி.