கான்ஸ்டன்டைனின் 4-4-2, ஸ்டிமாச்சின் 4-2-3-1: இந்தியக் கால்பந்து அணிக்கு எது பொருந்தும்?

2019 ஜனவரி 6, அபுதாபி. ஆசியக் கோப்பையில் தாய்லாந்துக்கு எதிரான ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிய உடனேயே வலது ஓரத்தில் உதாந்தா சிங் ஓடிவந்து பந்தை உள்ளே தட்டுகிறார். ஆஷிக் குருணியன் அதை நிறுத்தவே இல்லை, ஒரே தொடலில் பின்னால் விடுகிறார். சேத்ரியும் நிறுத்தவில்லை, ஓடிவந்த வேகத்திலேயே அடித்தார். கோல். ஆட்டம் 4-1 என்று முடிந்தது. மறுநாளே தாய்லாந்து தன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது.

அந்த கோலில் இந்திய அணியின் அன்றைய பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனின் முழுத் திட்டமும் இருக்கிறது. பின்வரிசையில் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்: அதுதான் 4-4-2. முன்னால் சேத்ரி, ஆஷிக் என இருவர். ஓரங்களில் வேகக்காரர்கள். நடுவில் தாப்பாவும் பிரனாய் ஹால்தரும். பந்தை வைத்துக்கொண்டு அழகு பார்ப்பதில்லை. பறித்ததும் முன்னால் அனுப்பிவிட வேண்டும். 2015-இல் அவர் இரண்டாம் முறையாகப் பொறுப்பேற்றபோது இந்தியாவின் ஃபிஃபா தரவரிசை 170-க்கும் கீழே கிடந்தது. 2017 ஜூலையில் அது 96.

அவர் ஆட்டம் பார்க்க அலுப்பாக இருக்கிறது, எதற்கெடுத்தாலும் நெடும்பந்து என்று அப்போது பலர் குறைப்பட்டார்கள். அதில் உண்மை உண்டு. அதே ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தில் டிரா செய்திருந்தாலே அடுத்த சுற்று. அணி தன் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே ஒடுங்கி நின்றது. 91-ஆவது நிமிடத்தில் ஹால்தர் செய்த ஃபவுலுக்குப் பெனால்டி, கோல், வெளியே. பந்தைக் காலில் நிறுத்தி நேரத்தைக் கடத்த அந்த அணிக்குத் தெரியவில்லை. அன்றே கான்ஸ்டன்டைன் விலகினார்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தான் இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர். பின்வரிசையிலிருந்தே சின்னச் சின்ன பாஸ்களாகக் கட்டி எழுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. அமைப்பு பெரும்பாலும் 4-2-3-1: பின்வரிசையில் நால்வர், அவர்களுக்கு முன் இருவர், அடுத்து மூவர், முன்னால் கோலடிக்க ஒரே ஸ்ட்ரைக்கர், அவருக்குப் பின்னால் சஹல் போன்ற கற்பனையுள்ள ஒருவர்.

பலித்தபோது அது உண்மையிலேயே அழகு. 2023 ஜூலை 4 அன்று பெங்களூருவில் தெற்காசியக் கோப்பை இறுதியாட்டம். குவைத்துக்கு எதிராக சாங்டே அடித்த சமன் கோலைத் திரும்பப் பாருங்கள்: சேத்ரி இடைவெளி பார்த்து விட்ட பந்து சஹலுக்கு, சஹல் குறுக்கே தள்ளியது சாங்டேக்கு. பெனால்டி ஷூட்அவுட்டில் கோப்பை நமக்கு. அந்த ஆட்டத்தில் ஸ்டிமாச் பெஞ்சிலேயே இல்லை, தடை பெற்றிருந்தார். அவர் இல்லாமலே அணி அப்படி ஆடியது என்றால், ஆட்டம் வீரர்களின் காலில் ஊறியிருந்தது என்று பொருள்.

ஊறியதற்குக் காரணம் நாட்கள். மே நடுவில் புவனேஸ்வரில் தொடங்கிய முகாமிலிருந்து அந்த இறுதியாட்டம் வரை ஏறக்குறைய ஐம்பது நாள் அணி ஒன்றாகவே இருந்தது. அடுத்த ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஐஎஸ்எல் என்ற உள்நாட்டு கிளப் போட்டியில் ஆடிக் களைத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டே வாரம். ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட இல்லை. பயிற்சியாளரும் அவர்தான், கொள்கையும் அதேதான். அன்வர் அலியும் ஆஷிக்கும் காயத்தால் இல்லாதது பெரிய இழப்பு, மறுக்கவில்லை. ஆனால் பாஸிங் ஆட்டம் பழக்கத்தில் வருவது. பழக நாள் வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐஎஸ்எல் கிளப்புகளில் பெரும்பாலும் முன்களமும் நடுக்களத்தின் மையமும் வெளிநாட்டவர் கையில். நம் பையன்கள் வாரா வாரம் ஆடுவது ஓரங்களிலும் பின்வரிசையிலும். தனியாக நின்று பந்தைத் தாங்கும் ஸ்ட்ரைக்கரை 4-2-3-1 கேட்கிறது. சேத்ரிக்குப் பின் அப்படி ஒருவர் எங்கே? 4-4-2 கேட்பதோ நம்மிடம் இருக்கும் விங்கர்களை, அதாவது ஓரங்களில் ஓடும் வேகக்காரர்களை.

ஸ்டிமாச்சுக்குப் பின் வந்த மனோலோ மார்க்கேஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் சீசனில் கோவா கிளப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஓராண்டில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக.

2025 ஆகஸ்டில் வந்த காலித் ஜமீல் எனக்குக் கான்ஸ்டன்டைனை நினைவூட்டுகிறார். ஐஸால் கிளப்பை 2017-இல் ஐ-லீக் என்ற தேசிய கிளப் போட்டியில் சாம்பியனாக்கியதே இறுக்கமான தடுப்பையும் எதிர்த்தாக்குதலையும் வைத்துத்தான். பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் தஜிகிஸ்தானை அதன் மண்ணில் 2-1 என வென்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தினார். அக்டோபரில் கோவாவின் மட்காவில் சாங்டே முதலில் கோல் போட்டும் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. அந்த இரவு நான் தூங்கவில்லை. ஆனாலும் அமைப்பை மாற்ற அது காரணமாகாது என்றே நினைக்கிறேன்.

என் தேர்வு 4-4-2 தான். சாங்டே ஓரத்தில், முன்னால் இருவர், அதில் ஒருவர் அன்றைய ஆஷிக் போல ஓய்வின்றி ஓடுபவர். முன்னிலையில் இருக்கும்போது கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் முன்களத்தில் ஒருவரை வெளியே எடுத்து, பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த சஹலை இறக்க வேண்டும்.