ஒத்துவாக்கிய வேதாகமம்: நடுப்பத்திக்காகவே வாங்கலாம்

யாழ்ப்பாணம் நகரில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்த ஒத்துவாக்கிய வேதாகமத்தை, அதாவது தொடர்பான மற்ற வசனங்களைப் பக்கத்தின் நடுப்பத்தியில் காட்டும் வேதாகமத்தை, எடுத்தேன். பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு), கறுப்பு அட்டை, ஸிப் (zip) வைத்த உறை. சாதாரண வேதாகமத்தைவிட விலை நன்றாகக் கூட. ஆனாலும் வாங்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். முக்கியமாக, பழைய ஒரு தவறைச் சுமந்துகொண்டு கோயிலில் கடைசி வாங்கிலேயே இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்து சின்னது, பின்னேர வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் ஏலாது. தாள் மெல்லியது என்பதால் ஹைலைட்டர் மறுபக்கம் ஊறும். பென்சில்தான் சரி. வரைபடங்கள் பரவாயில்லை.

இதன் பெறுமதி நடுப்பத்தியில் இருக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் தொடர்பான மற்ற வசனங்களின் எண்களை அங்கே தந்திருக்கிறார்கள். பிரசங்கம் தயாரிக்கிறவர்களுக்குத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் உடுவில் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதை அதிகம் பயன்படுத்துகிறவர் ஓர் அக்கா. கோயிலில் அப்பமும் இரசமும் பெறும் திருவிருந்துக்கு வருடக்கணக்காக எழும்பாதவர். ஆறுதல் சொல்ல வந்த எல்லோரும் அவருக்குக் கொடுத்தது பிலிப்பியர் 3:13, "பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி". "மறக்க ஏலுமெண்டால் எப்பவோ மறந்திருப்பன், பிள்ளை" என்பார்.

நடுப்பத்தியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் அந்த வசனமே அவருக்குத் திறந்தது. ஏழு வசனம் முன்னால், 3:6இல், சபையைத் துன்பப்படுத்தினவன் என்று அந்தக் கடிதத்தை எழுதிய பவுலே தன்னைப்பற்றிச் சொல்கிறார். அங்கிருந்து 1 கொரிந்தியர் 15:9, பிறகு 1 தீமோத்தேயு 1:13. இரண்டிலும் அதையே திரும்பச் சொல்கிறார். பவுலுக்கு ஞாபகம் போகவில்லை. சொல்லிச் சொல்லியே முன்னால் நடக்கிறார்.

அப்புறம் மாற்கு, பவுலோடும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போனவன். அப்போஸ்தலர் 13:13இல் பெர்கேயிலிருந்து திரும்பி எருசலேமுக்குப் போகிறான். ஏன் என்று வேதாகமம் சொல்லவில்லை. 15ஆம் அதிகாரத்தில் அவனைக் கூட்டிப்போக பவுல் மறுக்கிறார். பர்னபாவுக்கும் பவுலுக்கும் கடும் பிணக்கு. பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறுகிறார். ஞாயிறு பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். நடுப்பத்தி நிற்க விடவில்லை. கொலோசெயர் 4:10, பிலேமோன் 24 இரண்டிலும் மாற்கு மறுபடி பவுலோடு இருக்கிறான். கடைசியாக 2 தீமோத்தேயு 4:11இல் பவுல் அவனைப்பற்றி எழுதுவது: "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்."

"அப்ப பவுல் அவனைத் திருப்பிக் கூப்பிட்டவரே?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா, சிறையில் இருந்துகொண்டு."

எனக்கு இதில் கொலோசெயர் வசனம்தான் பெரிது. "இவன் உங்களிடத்தில் வந்தால் இவனை அங்கிகரித்துக்கொள்ளுங்கள்" என்பது மாற்குவுக்குச் சொன்னதல்ல, சபைக்குச் சொன்னது. விழுந்தவர் எழும்புவதற்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் இடம் விடவேண்டும். எங்கள் சபைகளில் யாருடைய பழைய கதையும் மூன்று தலைமுறைக்கு மறக்கப்படாது என்பதை இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

திருப்புதல் பற்றியும் ஒரு வார்த்தை. மிஷனரி பேர்சிவல் ஐயரோடு ஆறுமுக நாவலர் உழைத்து 1850இல் அச்சான யாழ்ப்பாணத் திருப்புதல் பரவலாக நிலைக்கவில்லை. இதில் உள்ளது 1871இல் வெளிவந்த, மிஷனரி பவர் ஐயர் குழுவின் திருப்புதலின் வழியில் வந்தது. இளம் பிள்ளைகளுக்கு வசன நடை கொஞ்சம் கடினம்தான். பெரியவர் ஒருவர் கூட இருந்து வாசித்தால் போதும்.

அக்கா இன்னும் திருவிருந்துக்கு எழும்பவில்லை. ஆனால் இப்போது கூட்டத்தில் அடுத்த வசனம் எங்கே என்று முதலில் எடுத்துத் தருகிறவர் அவர்தான். இயேசுவை மறுதலித்துப் பிறகு மறுபடி அழைக்கப்பட்ட பேதுருவின் வசனங்களை யோவான் 18இலிருந்து 21வரை பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே உறையைத் திறந்து பாருங்கள். எல்லாப் பதிப்பிலும் ஒத்துவாக்கியம் ஒரே அளவு இல்லை. கொலோசெயர் 4:10ஐ எடுங்கள்; நடுப்பத்தியில் அப்போஸ்தலர் 15உம் 2 தீமோத்தேயு 4உம் இருந்தால் அதை வாங்கலாம். இல்லாவிட்டால் அடுத்த பதிப்பைக் கேளுங்கள்.