முன்பல்லில் இம்ப்ளாண்ட், பக்கத்துப் பல்லில் கேப்: ஆறு வருடத்துக்குப் பிறகு

செட்டிநாட்டு வீடுகளில் விசேஷம் என்றால் எல்லோரும் வளவில் (நடு முற்றத்தில்) உட்கார்ந்துதான் பேசுவோம். மேலிருந்து வெயில் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். கட்டின பல் எது, சொந்தப் பல் எது என்று அங்கே பார்த்தவுடன் தெரிந்துவிடும். எனக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதித்த டைட்டானிய வேரின் மேல் கட்டின பல். அதை ஒட்டியது கேப், சொந்தப் பல்லின் மேல் மாட்டும் உறை. காரைக்குடியில் போட்டு ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

அந்தக் கேப் இருக்கும் பல்லில் அதற்கு முன்பு வேறொரு இடத்தில் போட்ட பழைய கேப் ஒன்று இருந்தது. உள்ளே உலோகம், மேலே பீங்கான். ஈறு லேசாக விலகியதும் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரிய ஆரம்பித்தது. பக்கத்துப் பல் வேரில் உடைந்து எடுக்க வேண்டி வந்தபோது, இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டேன். இந்த முறை உலோகம் இல்லாத கேப். என் ஈறு மெல்லியது, டைட்டானியத்தின் நிழல் வெளியே தெரியும் என்பதால் இம்ப்ளாண்டுக்கும் கேப்புக்கும் நடுவில் வரும் இணைப்பை டாக்டர் ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகையில் செய்யச் சொன்னார்.

நிறம் பார்க்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. பல் காய்ந்தால் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். அதனால் வாயைத் திறந்து வேலை தொடங்குவதற்கு முன்பே, ஜன்னல் ஓரத்தில் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். பல் நிறத்தை ஒப்பிட வைத்திருக்கும் பீங்கான் மாதிரிகளின் அட்டையில் 16 நிறம் இருக்கிறது. எனக்கு ஒரே நிறம் போதவில்லை: ஈறு பக்கம் ஏ3, நுனிப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் வெளுப்பான ஏ2. நுனியில் கொஞ்சம் கண்ணாடித்தன்மை, மேற்பரப்பில் மெல்லிய வரிகள் என்று எழுதி, போட்டோவோடு பல் செய்யும் லேபுக்கு அனுப்பினார்கள். "பளிச்சென்று வெள்ளையாக வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெள்ளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் நிறத்தைவிட ஈறு முக்கியம் என்பது என் அனுபவம். எலும்போடு இம்ப்ளாண்ட் சேர சில மாதம் ஆனது. அதற்குப் பிறகும் உடனே கேப் போடவில்லை; தற்காலிகப் பல் ஒன்றை மாட்டி, அதன் வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் ஈறு முக்கோணத்தை உருவாக்கினார்கள். இது இல்லாவிட்டால் அங்கே கறுப்பு இடைவெளி விழும். அந்தப் பல்லோடு "வா, வீடு, வெயில்" என்று பேச வைத்து, நுனி கீழ் உதட்டில் சரியாகப் படுகிறதா என்றும் பார்த்தார்கள். கல்யாணத்துக்குள் முடித்துத் தாருங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள். தற்காலிகப் பல்லோடே கல்யாணத்துக்குப் போகலாம், பார்க்க நன்றாகவே இருக்கும்.

என் ஆச்சிக்கு வெற்றிலைக் கறை. வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு) போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் ஆச்சி, முதலில் சுத்தம் செய்து பாருங்கள் என்றேன். வெனீருக்குப் பல்லின் மேற்பூச்சைக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும், சீவினது திரும்ப வளராது. ப்ளீச்சிங் செய்வதாக இருந்தாலும் கேப், வெனீருக்கு முன்பே செய்து, நிறம் நிலைக்க இரண்டு வாரமாவது விட வேண்டும். பீங்கான் ப்ளீச்சிங்கில் வெளுக்காது.

ஆறு வருடத்தில் கேப்பும் இம்ப்ளாண்டும் நிறம் மாறவில்லை. என் சொந்தப் பற்கள்தான் காபியில் லேசாக மஞ்சளாகின்றன. அவ்வப்போது டாக்டரிடம் ஸ்கேலிங் (பல் சுத்தம்) செய்தால் மறுபடி நிறம் ஒத்து வருகிறது. இம்ப்ளாண்டுக்கு இயற்கைப் பல் போல அழுத்தம் அவ்வளவாக உறைக்காது. எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாததால், சீப்புச் சீடையையும் மனகோலத்தையும் உடைத்துக் கடைவாயில்தான் மெல்லுகிறேன். ராத்திரி பல் கடிக்கும் பழக்கம் உண்டு, அதற்குத் தூங்கும்போது பல்லில் மாட்டும் நைட் கார்டு. தினமும் இம்ப்ளாண்டைச் சுற்றி இன்டர்டென்டல் பிரஷ், அதாவது பல் இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ். அங்கே ஈறில் ரத்தமோ வீக்கமோ தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டிவிட வேண்டும். எலும்பு கரைவது பெரும்பாலும் வலியில்லாமல்தான் தொடங்கும்.