குளோரோஃபார்மா, ட்ரைகுளோரோபென்சீனா: பி3எச்டி பிலிமுக்கு எது?

பி3எச்டி என்ற குறைக்கடத்தி பாலிமரை வைத்து ட்ரான்சிஸ்டர் செய்யத் தொடங்கும் எல்லோரும், அதை எந்தக் கரைப்பானில் கரைத்து பிலிமாக (மெல்லிய படலமாக)ப் பூசுவது என்ற கேள்வியில் ஒருநாள் வந்து நிற்பார்கள். நான் ட்ரைகுளோரோபென்சீன் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலை எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

பார்த்தவுடன் தெரிகிற விஷயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் பாலிமரை நன்றாகக் கரைக்கும், இரண்டிலும் குளோரின் உண்டு, ஃப்யூம் ஹூட் (நச்சு ஆவியை உறிஞ்சும் கூண்டு) இல்லாமல் இரண்டையும் திறக்கக்கூடாது. குளோரோஃபார்ம் மலிவு, எந்த லேபிலும் கிடைக்கும். சரி, அது போகட்டும். முடிவைத் தீர்மானிப்பது பிலிம் காய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான்.

குளோரோஃபார்மின் கொதிநிலை 61 டிகிரி, ட்ரைகுளோரோபென்சீனுக்கு 214. ஸ்பின்னர், அதாவது கரைசலை விட்டு வேஃபரை (சிலிக்கான் தகட்டை)ச் சுழற்றி பிலிமாக்கும் கருவி, அதன் முன் நின்று பார்த்தாலே இது தெரியும். குளோரோஃபார்ம் கரைசலை விட்டதும் வேஃபர் சுழலத் தொடங்கிய சில நொடிகளிலேயே ஆரஞ்சு நிறம் போய் ஊதா வந்துவிடும், வேலை முடிந்தது. ட்ரைகுளோரோபென்சீனில் ஸ்பின் நின்ற பிறகும் ஆரஞ்சு ஈரம் அப்படியே இருக்கும், இடுக்கியால் எடுக்கும்போது கொஞ்சம் சாய்த்தால்கூட ஒரு ஓரத்துக்கு ஓடும். அதனால் சுழற்சியைச் சீக்கிரம் நிறுத்தி, பெட்ரி டிஷ்ஷால் மூடி, சமதளத்தில் வைத்துவிட வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் பாலிமர் சங்கிலிகள் அடுக்காக ஒழுங்குபடுகின்றன. ட்ரான்சிஸ்டரில் மின்னோட்டம் பிலிம் முழுவதிலும் ஓடுவதில்லை, இன்சுலேட்டரை ஒட்டிய சில நானோமீட்டரில்தான் ஓடுகிறது. அங்கே சங்கிலியின் பக்கவாட்டு ஹெக்சில் கிளைகள் தரைக்குச் செங்குத்தாக நின்று, சங்கிலியின் தண்டான தயோஃபீன் வளையங்களின் அடுக்கு தரைக்கு இணையாகப் போனால் சார்ஜ் சுலபமாகத் தாவும். வேகமாகக் காய்ந்த பிலிமில் அடுக்க நேரமே இல்லை, சங்கிலிகள் பாதியில் உறைந்துவிடுகின்றன. கேம்பிரிட்ஜ் குழு 2004இல் ட்ரைகுளோரோபென்சீனில் ஸ்பின் செய்து 0.12 செ.மீ²/வோல்ட்·வினாடி வரை மொபிலிட்டி (சார்ஜ் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) காட்டியது, குளோரோஃபார்மில் வழக்கமாக வருவதைவிடப் பல மடங்கு. பிறகு ஹாட் பிளேட்டில் வைத்து அனீல் செய்தால் (சூடாக்கி ஒழுங்குபடவிட்டால்) குளோரோஃபார்ம் பிலிம் கொஞ்சம் தேறும், ஆனால் அந்த இடைவெளி முழுக்க மூடுவதில்லை.

இன்னொரு எரிச்சல், குளோரோஃபார்ம் குப்பியைத் திறந்த கணத்திலிருந்தே கரைசல் கெட்டியாகிக்கொண்டே போகும். பிப்பெட் நுனியிலிருந்து தானாகச் சொட்டும், வேஃபரில் நடுவிலிருந்து ஆரமாகக் கோடுகள் விழும். காலையில் போட்ட சாம்பிளும் மாலையில் போட்டதும் ஒரே தடிமனாக இருக்காது. ட்ரைகுளோரோபென்சீனில் இந்தப் பிரச்சினையே வராது.

தொல்லை அதற்கும் உண்டு. இன்சுலேட்டர் பரப்பில் முதலில் பூசும் சிலேன் படலங்களில் ஒன்றான ஓடிஎஸ் பூசிய பரப்பில் மெதுவாகக் காயும்போது திரவம் உருண்டு சுருங்கி, நடுவில் சிறு தீவுகளாக நின்றுவிடும், இன்னொன்றான எச்எம்டிஎஸ் பரப்பில் இது பரவாயில்லை. மிச்சக் கரைப்பானை விரட்ட வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ சூடாக்கியே ஆக வேண்டும். அப்புறம், சுமார் 17 டிகிரியில் உறைந்துவிடும், பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பயப்படாதீர்கள்.

இதெல்லாம் பி3எச்டி, அதுவும் சிலிக்கான் மேல், அடியில் கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனை) வைத்த அமைப்பு பற்றித்தான். டிபிபி (டைகீட்டோபிர்ரோலோபிர்ரோல்) வகைப் பாலிமர்கள் கரைசலிலேயே திரளத் தொடங்குபவை, அவற்றில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு, இதே தீர்ப்பை அங்கே எடுத்துப்போக நான் சொல்லமாட்டேன். மேல்கேட் அமைப்பிலும் சேனல் (மின்னோட்டம் ஓடும் பகுதி) பிலிமின் மேற்பரப்பில் வருவதால் கணக்கு மாறலாம்.

எதை எடுத்தாலும், கூடவே ஒரு கண்ணாடித் துண்டிலும் பூசி யுவி-விசிபிள் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) எடுத்துப் பாருங்கள். 605 நானோமீட்டர் அருகே வரைகோட்டில் உள்ள தோள் போன்ற மேடு நன்றாக எழுந்திருந்தால் பிலிம் ஒழுங்காக அடுக்கியிருக்கிறது, வெறும் சரிவாக இருந்தால் எலக்ட்ரோடு ஆவிப்படிவுக்குப் போகும் முன்பே இன்னொரு பிலிம் போட்டுவிடலாம்.