முதல் ஆம்ப்ளிஃபயர்: டிடிஏ 2030 ஐசியா, டிபிஏ 3116 போர்டா?

வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்: 2030 என்ற ஆம்ப்ளிஃபயர் சிப்பை வாங்கி நாமே சர்க்யூட் கட்டுவதா, 3116 சிப் பொருத்திய ரெடிமேட் போர்டை வாங்குவதா?

பவர்: 2030, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 14 வாட் தரும். 3116, 21 வோல்ட்டில் சேனலுக்கு 50 வாட் வரை போகும்.

சப்ளை: 2030-க்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு வயருக்கு இரு பக்கமும் 12 வோல்ட் தருவது), ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், பெரிய கப்பாசிட்டர்கள் வேண்டும், காசு அங்கேதான் கரையும். 3116-க்குப் பழைய 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் போதும். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தலுக்கு ரொம்ப வசதி.

சூடு: பெரிய வித்தியாசமே இதுதான். 2030 கிளாஸ் ஏபி வகை, அதாவது உள்ளே டிரான்சிஸ்டர்கள் அரைகுறையாகத் திறந்த நிலையிலேயே வேலை செய்யும். இழுக்கும் கரண்ட்டில் கணிசமான பங்கு வெப்பமாகவே போகும். மதுரை வெயிலில் ஹீட்சிங்க் சின்னதாக இருந்தால் பாதிப் பாட்டில் தானாகவே கட் ஆகும். ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. நடுவில் மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) வைக்காமல் எர்த் செய்த இரும்புப் பெட்டியில் முடுக்கினால் ஷார்ட்தான். 3116 கிளாஸ் டி, ஸ்விட்ச் போல வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் வகை, அதனால் வெதுவெதுப்போடு நிற்கும்.

ரிப்பேர்: 2030-க்கு மொத்தமே ஐந்து கால்கள்தான் (பின்கள்), நாமே கழற்றி மாற்றலாம். 3116 பொடி எஸ்எம்டி, போர்டின் மேலேயே ஒட்டிச் சாலிடர் செய்த குட்டிப் பாகம். போனால் புதுப் போர்டு. அப்புறம், அதன் ஸ்பீக்கர் வயர் எதையும் கிரவுண்டில் தொட விடாதீர்கள்.

சாலிடரிங் பழகவும் சர்க்யூட் புரியவும் 2030. பாட்டு கேட்டால் சரி என்றால் 3116. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்வேன். 230 வோல்ட் பக்கம் கை போகாது.